சமகிய: காணாமல் அறிந்த உலகம்

புரட்டாசியில், வாடைக்காற்றோடு மாரி தொடங்குமுன், தென்வானத்தைப் பார்க்க வன்னியில் நல்ல இடம் இரணைமடு. அணைக்கட்டு குளத்தின் வட முனையில் இருப்பதால், அதன்மேல் நின்று தெற்கே பார்ப்பவருக்கு எதிரே நீர்ப்பரப்பும் அதற்கப்பால் காடும்தான். ஒக்ரோபர் தொடக்கத்தில், இரவு ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில், அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவில் சற்று மேலே ஒரு வெண்ணிற விண்மீன் தனித்து ஒளிரும். தென்மீன் உடுத்தொகுதியின் தலைவிண்மீனான போமல்ஹோட் அது. பூமியிலிருந்து 25 ஒளியாண்டு தூரம்.

கையை நீட்டி விரலை விரித்துப் பிடித்தால், அதற்கு மேற்கே ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இன்னொரு விண்மீன் இருக்கிறது. வெறுங்கண்ணுக்கு அது எட்டாது. ஹென்றி டிரேப்பர் பட்டியலில் அதன் எண் 205739. 1918க்கும் 1924க்கும் இடையில் வெளிவந்த அந்தப் பட்டியலின் 2,25,300 விண்மீன்களை நிறமாலை பார்த்து வகைபிரித்தவர் ஹார்வர்டு வானாய்வகத்தின் அன்னி ஜம்ப் கனன். அன்றைக்கு வெறும் எண்ணாக இருந்த விண்மீனுக்கு இன்று இலங்கை வைத்த பெயர் உண்டு: சாமய. அதைச் சுற்றும் கோள் சமகிய. முதலாவது சிங்களத்தில் சமாதானத்தையும் இரண்டாவது ஒற்றுமையையும் குறிக்கும்.

பன்னாட்டு வானியல் ஒன்றியம் தன் நூற்றாண்டை முன்னிட்டு, 2019 இல் நாட்டுக்கு ஒரு விண்மீனையும் அதன் கோளையும் ஒதுக்கிப் பெயர் சூட்டும் பொறுப்பைக் கொடுத்தது. 112 நாடுகள் தெரிவுசெய்த பெயர்கள் அந்த ஆண்டு டிசெம்பர் 17 அன்று அறிவிக்கப்பட்டன. இந்தியாவின் பங்குக்கு வந்த விண்மீன், அண்டக்கதிர் ஆய்வாளர் பிபா சௌதுரியின் பெயரைப் பெற்றது. இலங்கையின் பங்குக்கு வந்தவை சாமயவும் சமகியவும். போர் முடிந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்த நாடு அது.

இந்தக் கோளைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? அதன் வளிமண்டலம் எப்படி இருக்கும்? நிலவுகள் இருக்குமா? அங்கிருந்து வானத்தைப் பார்ப்பவர் என்ன புராணம் சொல்வார்? முதல் கேள்விக்கு அளவீடு விடை தரும். மற்றவற்றுக்குக் கற்பனை வேண்டும். அந்தக் கற்பனையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் பொருள்.

ஒரே ஆண்டில் இரண்டு கோள்கள்

தென்மீனில் 2008 ஆம் ஆண்டு இரண்டு கோள்கள் அறிவிக்கப்பட்டன. ஒன்று உலகெங்கும் செய்தியானது. மற்றதை வானியலாளர்களுக்கு வெளியே அநேகமாக யாரும் கவனிக்கவில்லை.

செய்தியானது போமல்ஹோட்டின் கோள். அந்த விண்மீனைச் சுற்றிப் பெரிய தூசு வளையம் ஒன்று இருக்கிறது. ஹபிள் விண்வெளித் தொலைகாட்டி 2004 இலும் 2006 இலும் எடுத்த படங்களில், வளையத்தின் உட்புறத்தில் ஒரு புள்ளி இடம் நகர்ந்திருப்பதை போல் கலாஸ் என்பவரின் குழு கண்டது. விண்மீனைச் சுற்றும் கோளைக் கட்புல ஒளியில் படம் பிடித்துவிட்டோம் என்று 2008 நவம்பரில் அறிவிப்பு வந்தது. 2015 இல் அதற்கு டகோன் என்று பழைய செமித்தியத் தெய்வம் ஒன்றின் பெயரும் வைத்தார்கள்.

பிறகு சிக்கல் தொடங்கியது. கோள் என்றால் அது வெப்பத்தை வீச வேண்டும். அகச்சிவப்புத் தொலைகாட்டிகளுக்கு அது தட்டுப்படவே இல்லை. அடுத்தடுத்த ஹபிள் படங்களில் அந்தப் புள்ளி பரந்து மங்கியது. 2014 இன் படத்தில் காணாமலே போயிற்று. அரிசோனாப் பல்கலைக்கழகத்தின் அன்ட்ராஸ் காஸ்பாரும் ஜோர்ஜ் ரீக்கியும் 2020 இல் விளக்கம் தந்தார்கள்: அது கோள் அன்று, இரண்டு பனிப்பாறைப் பிண்டங்கள் மோதிச் சிதறியதில் எழுந்து, விரிந்து, கலைந்துபோன தூசுமுகில்.

மற்றக் கோளை யாரும் படம் பிடிக்கவில்லை. சிலியின் லாஸ் கம்பனாஸ் மலையிலுள்ள 6.5 மீற்றர் மெகலன் தொலைகாட்டியால் விண்மீனின் ஒளியை மட்டும் திரும்பத் திரும்ப அளந்து, மெர்செடிஸ் லோபெஸ் மொராலெஸ் தலைமையிலான குழு அதன் இருப்பை நிறுவியது. அதுதான் இன்றைய சமகிய. கண்ணால் கண்டது கரைந்துபோக, கணக்கால் கண்டது நிலைத்து நிற்கிறது. பிற விண்மீன்களைச் சுற்றும் புறக்கோள்களின் ஆய்வில் இதைவிட நல்ல பாடம் ஒன்றைச் சொல்வது கடினம்.

ஒளியை அளந்து எடை போடுதல்

கோள் விண்மீனைச் சுற்றுகிறது என்று நாம் சொல்வது பாதி உண்மைதான். இரண்டும் தமக்குப் பொதுவான திணிவு மையத்தைச் சுற்றுகின்றன. கோள் பெரிய வட்டம் போடுகிறது, விண்மீன் மிகச் சிறிய வட்டம் போடுகிறது. சாமயவின் வட்டத்தின் ஆரை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் கிலோமீற்றர். அந்த விண்மீனின் சொந்த ஆரையோடு ஒப்பிட்டால் இது ஆறில் ஒரு பங்கு அளவுதான். 300 ஒளியாண்டுக்கு அப்பால் நடக்கும் இந்தச் சிறு அசைவை எப்படிப் பிடிப்பது?

கிளிநொச்சிக்கு 2013 செப்டெம்பரில் ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியதிலிருந்து, கடவையில் நிற்கும் பிள்ளைகளுக்கு இது பழகிய விஷயம். யாழ்தேவி நெருங்கி வரும்போது கூவல் ஓங்கிக் கேட்கும். கடந்துபோன கணமே சுருதி இறங்கும். ஒளிக்கும் இதுவே விதி. விண்மீன் நம்மை நோக்கி வரும்போது அதன் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கம் சற்று நகரும். விலகும்போது சிவப்புப் பக்கம் நகரும். இதை டொப்ளர் விளைவு என்கிறோம்.

சாமயவின் வேகம் கூடிக் குறைவது செக்கனுக்கு 42 மீற்றர் அளவில். மணிக்கு 150 கிலோமீற்றர். ஒளியின் வேகத்தோடு ஒப்பிட்டால், நிறமாலைக் கோடு நகரும் அளவு ஒரு கோடியில் ஒன்றரைப் பங்குக்கும் குறைவு. இந்த அளவு நுண்மையான முறைதான் 1995 இல் மிஷேல் மேயருக்கும் டிடியே குவெலோவுக்கும் சூரியனை ஒத்த விண்மீனைச் சுற்றும் முதல் கோளைக் காட்டியது. 2019 இல் அவர்களுக்கு நொபெல் பரிசும் பெற்றுத் தந்தது.

அந்த அசைவு 280 நாளுக்கு ஒருமுறை திரும்ப வருகிறது. ஆகவே சமகியவின் ஓராண்டு 280 பூமி நாள். விண்மீனின் திணிவு தெரியுமாதலால், கெப்ளரின் விதியைக் கொண்டு தூரம் வருகிறது: சராசரி 13.4 கோடி கிலோமீற்றர். பூமி சூரியனிலிருந்து இருப்பது 15 கோடி. அசைவின் வலு கோளின் திணிவைத் தருகிறது: குறைந்தது வியாழனைப்போல் 1.37 மடங்கு. குறைந்தது என்று சொல்லக் காரணம் உண்டு. சுற்றுப்பாதை நமக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை இந்த முறை காட்டாது. சாய்வு கூடினால் உண்மைத் திணிவும் கூடும்.

அசைவின் வரைபு சீரான அலையாக இல்லாமல் ஒருபக்கம் சரிந்திருப்பதால், பாதை நீள்வட்டம் என்பதும் தெரிகிறது. கோள் விண்மீனுக்கு மிக அருகில் வரும்போது தூரம் 9.8 கோடி கிலோமீற்றர், மிகத் தொலைவில் 17 கோடி. அருகில் வரும்போது கிடைக்கும் ஒளி, தொலைவில் கிடைப்பதைப்போல் மூன்று மடங்கு. இவ்வளவும் அளவீடு. இதற்குமேல் நேரடியாகத் தெரிந்தது இல்லை.

வளிமண்டலத்தை ஊகித்தல்

புறக்கோளின் வளிமண்டலத்தை அளக்க, அது நம் பார்வையில் தன் விண்மீனுக்குக் குறுக்கே போக வேண்டும். அப்போது விண்மீனின் ஒளி கோளின் விளிம்பிலுள்ள வளியை ஊடுருவி வரும். எந்த வாயு எந்த நிறத்தை விழுங்கியது என்று பார்க்கலாம். ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி 2022 இல் வாஸ்ப்-39பி என்ற கோளில் காபனீரொட்சைட்டைக் கண்டது இப்படித்தான். சமகிய இருக்கும் தூரத்தில் ஒரு கோள் இப்படிக் குறுக்கிடும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆகவே இனிச் சொல்வது கற்பனை. ஆனால் இயற்பியலின் வேலிக்குள் நிற்கும் கற்பனை.

இவ்வளவு திணிவுள்ள கோள் வியாழனைப்போல் ஐதரசனும் ஈலியமும் நிறைந்த வாயுக்கோளாகத்தான் இருக்க முடியும். காலூன்ற நிலம் இராது. சாமய சூரியனைவிடச் சற்று வெப்பமானது. ஒளியும் இரண்டு மடங்குக்கு மேல். அதனால் பூமி பெறுவதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு ஒளி சமகியவில் விழுகிறது. முகில்கள் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன என்பதைப் பொறுத்து, மேல்வளியின் சராசரி வெப்பநிலை 60 இலிருந்து 90 பாகை செல்சியஸ் வரை இருக்கலாம்.

இந்த வெப்பநிலை ஒரு எல்லைக்கோட்டில் விழுகிறது. வாயுக்கோள்களை அவற்றின் முகில்களைக் கொண்டு ஐந்து வகையாகப் பிரிக்கும் முறை ஒன்றை டேவிட் சுடார்ஸ்கியும் உடனாய்வாளர்களும் 2000 இல் முன்வைத்தார்கள். வியாழனைப்போலக் குளிர்ந்த கோளில் அமோனியா முகில். அதைவிட வெப்பமானதில் நீர்முகில். அது வெள்ளை வெளேரென்று ஒளியைத் திருப்பும். இன்னும் வெப்பமேறினால் நீர் ஒடுங்காது, முகில் கலைந்துவிடும். அப்போது கோள் நீலமாகத் தெரியும். சமகிய நிற்பது இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில்.

அப்படியானால், தொலைவில் போகும் மாதங்களில் மேலே நீர்முகில் திரண்டு கோள் வெளிறிப்போகலாம். அருகில் வரும் மாதங்களில் முகில் கலைந்து நீலம் தெரியலாம். கெப்ளரின் இரண்டாம் விதிப்படி அருகில் அது விரைந்து ஓடும், தொலைவில் மெல்ல நகரும். ஆகவே நீலக் காலம் குறுகியது, வெள்ளைக் காலம் நீண்டது. அவ்வளவு பெரிய வாயுத்திரள் வெப்பத்தைச் சேமித்து வைத்து இந்த வேறுபாட்டைத் தணித்துவிடவும் கூடும். எது நடக்கிறது என்பதை ஒருநாள் அளக்க முடியும். அளக்கக்கூடிய வடிவில் சொல்லப்படுவதால்தான் இந்த ஊகம் அறிவியலுக்குள் நிற்கிறது.

நிலவுகள்

வியாழனின் நான்கு பெரிய நிலவுகளை 1610 இல் கலிலியோ கண்டார். சூரியக் குடும்பத்துக்கு வெளியே, ஐயத்துக்கு இடமின்றி உறுதியான நிலவு இன்றுவரை ஒன்றுகூட இல்லை. கெப்ளர்-1625பி என்ற கோளைச் சுற்றி ஒரு நிலவு இருக்கலாம் என்று 2018 இல் அலெக்ஸ் டீச்சியும் டேவிட் கிப்பிங்கும் எழுதினார்கள். அதன்மேல் வாதம் இன்னும் தீரவில்லை.

சமகியவுக்கு நிலவு உண்டா என்று தெரியாவிட்டாலும், நிலவுக்கு இடம் உண்டா என்று கணக்கிடலாம். விண்மீனின் ஈர்ப்பு பறித்துக்கொள்ளாமல் ஒரு நிலவை வைத்திருக்கக்கூடிய எல்லை, கோள் விண்மீனுக்கு மிக அருகில் வரும் வேளையில்கூட ஏறத்தாழ 70 இலட்சம் கிலோமீற்றர். அதில் பாதிக்குள் சுற்றும் நிலவு நீண்டகாலம் நிலைக்கும். வியாழனின் கலிஸ்டோ சுற்றுவது 19 இலட்சம் கிலோமீற்றரில். எனவே வியாழனின் நான்கு நிலவுகளையும் கொண்டுபோய் அங்கே விட்டாலும் இடம் போதும்.

நிலவுகள் எவ்வளவு பெரியவை? வாயுக்கோளின் நிலவுகள் எல்லாவற்றையும் சேர்த்தால் கோளின் திணிவில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவில் வரும் என்று ரொபின் கனப்பும் வில்லியம் வோர்டும் 2006 இல் காட்டினார்கள். சமகியவுக்கு அது நம் சந்திரனைப்போல் மூன்றரை மடங்கு. செவ்வாயின் பாதிகூட இல்லை. அவ்வளவு சிறிய உலகம் அந்த வெப்பத்தில் வளியைப் பிடித்து வைத்திருப்பது கடினம். பனி மூடியிருந்தால் அதுவும் ஆவியாகிப் போயிருக்கும். ஆகவே அங்கே இருக்கக்கூடியவை வறண்ட பாறை நிலவுகள். குடியிருக்க ஆள் இல்லை. ஆனால் ஒரு கணம் ஆளை வைத்துப் பார்ப்போம். புராணம் வானத்திலிருந்து எப்படிப் பிறக்கிறது என்பது அப்போது தெளிவாகும்.

அங்கே எந்தக் கதை பிறக்கும்?

முல்லைத்தீவில் நந்திக்கடல் ஓரத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல் பூரணையை ஒட்டி வரும். கடல்நீரில் விளக்கெரியும் அந்த விழாவின் நாளைச் சந்திரனே குறிக்கிறது. நம்முடைய நாட்காட்டியும் விரதங்களும் கதைகளும், பூமிக்கு ஒரேயொரு பெரிய நிலவு, அது தேய்ந்து மறைந்து மீண்டும் வளர்கிறது என்ற உண்மையின்மேல் எழுந்தவை. கிரகணம் அரிதாக வருவதால் அது அச்சம் தந்தது. அரிய அச்சத்துக்கு இராகு கேது என்ற கதை வேண்டியிருந்தது.

சமகியவின் நிலவொன்று கோளிலிருந்து 4.2 இலட்சம் கிலோமீற்றரில், வியாழனின் அயோவைப்போலச் சுற்றுவதாகக் கொள்வோம். ஒரு சுற்றுக்கு ஒன்றரை பூமி நாள் ஆகும். அலையீர்ப்பு அதன் சுழற்சியைக் கட்டிப்போட்டிருக்கும். நம் சந்திரன் எப்போதும் ஒரே முகத்தை நமக்குக் காட்டுவதுபோல், அந்த நிலவும் கோளுக்கு ஒரே முகத்தைக் காட்டும்.

அந்த முகத்தில் நிற்பவருக்குக் கோள் உதிப்பதும் இல்லை, மறைவதும் இல்லை. ஒரே இடத்தில் தொங்கும். அதன் அகலம் நம் முழுநிலவைப்போல் ஏறத்தாழ 38 மடங்கு. தலைக்கு நேர்மேலே கோள் நிற்கும் இடத்தில், நள்ளிரவில் அது முழுவட்டமாக ஒளிரும். அந்த வெளிச்சம் முகில் கறுத்த பகலுக்கு ஈடாகும். நடுப்பகலிலோ சூரியன் போன்ற சாமய கோளுக்குப் பின்னால் போய், ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருட்டும். பாதைகள் ஒரே தளத்தில் இருந்தால் ஒவ்வொரு நாளும் இப்படித்தான். 280 பூமி நாள் கொண்ட அந்த ஆண்டில் 185 கிரகணம்.

அங்கே இராகுவுக்குக் கதை எழுத யாரும் இரார். தினமும் வருவதற்கு அச்சம் ஏது? இருளை நண்பகலுக்கும் ஒளியை நள்ளிரவுக்கும் உரியதாக்கி அவர்கள் தெய்வங்களை வகுத்திருப்பார்கள். வளர்ந்து தேய்ந்தும் இடம் மாறாத பெருந்தெய்வம் ஒன்று உச்சியில் வீற்றிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை அதன் வெண்மை நீலமாகும் காலம் திருவிழாக் காலம் ஆகலாம்.

நிலவின் மறுபக்கத்தில் பிறந்தவருக்கோ அந்தத் தெய்வம் வாழ்நாளில் தெரியாது. அவருக்கு வானம் முழுக்க விண்மீன்கள். முழுமையான இரவு அவருக்கே உண்டு. எல்லைவரை நடந்துபோனால், அடிவானத்தில் பாதி எழுந்து நிற்கும் கோளைக் காண்பார். அதை நோக்கிய யாத்திரைகளும் உருவாகியிருக்கும். வானியல் பிறப்பது மறுபக்கத்தில், பெருந்தெய்வம் பிறப்பது இந்தப் பக்கத்தில். ஒரே உலகத்தார் இரண்டு புராணங்களோடு வாழ்வார்கள். இரண்டும் பொய்யல்ல, நிற்கும் இடம்தான் வேறு. இதைச் சொல்வது சுற்றுப்பாதைக் கணக்கு. புராணத்தை எள்ளுவோரும், அதையே அறிவியல் என்று காட்ட முயல்வோரும் இந்தக் கணக்கைச் செய்து பார்க்க வேண்டும்.

ஒளி வந்த வழி

சாமயவிலிருந்து இன்று நம்மை வந்தடையும் ஒளி புறப்பட்டு 300 ஆண்டுகள் ஆகின்றன. அது கிளம்பியபோது யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் ஆட்சி, வன்னியில் வன்னியரின் ஆட்சி. பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்ட் 25 அன்று முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தபோது, அந்த ஒளி தன் பயணத்தில் காற்பங்குதான் கடந்திருந்தது. 2009 மே மாதத்தில் அது நம்மிடமிருந்து 17 ஒளியாண்டு தூரத்துக்கு வந்திருந்தது. திருவோணம் என்று நாம் அழைக்கும் விண்மீன் இருக்கும் தூரம் அது. இந்த மண்ணில் நடந்தவை எல்லாம் அந்த ஒளி வந்துகொண்டிருந்த காலத்துக்குள் நடந்தவை.

சமாதானம் என்றும் ஒற்றுமை என்றும் இந்த நாட்டின் பெயரால் வானத்தில் எழுதப்பட்ட சொற்கள் வன்னிக்கும் உரியவை. அவற்றைத் தரையிலும் மெய்யாக்குவது நம் எல்லோருடைய கடன். அந்தக் கோளை அறியும் வேலையிலும் நமக்குப் பங்கு இருக்க வேண்டும்.

செய்யக்கூடியது என்ன?

முதற்படிக்கு ஒரு நல்ல பைனாகுலர் போதும். அமாவாசையை ஒட்டிய இரவில், விண்மீன் வரைபடத்தோடு, தென்மீனின் மேற்கு முனையிலுள்ள நாலாம் ஒளித்தர விண்மீனைப் பிடித்து, அதிலிருந்து வடமேற்கே இரண்டு பாகை நகர்ந்தால், எட்டரை ஒளித்தரமுள்ள சாமய தெரியும். கோள் தெரியாது. ஆனால் அது சுற்றும் விண்மீனைச் சொந்தக் கண்ணால் பார்த்த பிள்ளைக்குப் பாடநூலின் டொப்ளர் விளைவு வேறு பொருள் தரும்.

அடுத்த படி அளவீடு. விண்மீனுக்குக் குறுக்கே போகும் கோள்களைச் சிறிய தொலைகாட்டியும் கமராவும் கொண்டே அளக்கலாம். எச்டி 189733பி என்ற கோள் ஒவ்வொரு முறையும் தன் விண்மீனின் ஒளியில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் மறைக்கிறது; 2.2 நாளுக்கு ஒருமுறை மறைக்கிறது. ஓகஸ்ட், செப்டெம்பர் இரவுகளில் அது வன்னிக்கு மேலே உயர்ந்து நிற்கும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஏரியல் தொலைகாட்டிக்கு முன்னேற்பாடாக நடக்கும் எக்ஸோகுளொக் திட்டம், தன்னார்வலர்களின் இத்தகைய அளவீடுகளையும் ஏற்றுப் பயன்படுத்துகிறது.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. வவுனியா 2021 இலிருந்து தனிப் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. ஆசிரியர்களும் பழைய மாணவர் சங்கங்களும் புலம்பெயர்ந்த உறவுகளும் மனம் வைத்தால், இந்த இரண்டையும் சுற்றியுள்ள பாடசாலைகளுக்கு ஒரு தொலைகாட்டியும் ஒரு கமராவும் பெரிய செலவல்ல. கோயிலுக்கு மணி வாங்கித் தரும் கைகள் இதற்கும் நீளட்டும். வன்னி மாணவர் ஒருவர் அளந்த கோளின் நேரக்கணக்கு உலகத் தரவுகளோடு சேரட்டும். அதற்கான வானம் நம்மிடம் இருக்கிறது; தொடங்க வேண்டியது நாம்தான்.